உலோக நுண்தண்டு வரிசைகள்

கண்ணாடித் தகட்டின் மேல் ஒழுங்காக நிறுத்தப்பட்ட, சில நூறு நானோமீட்டருக்கு மிகாத தங்க, வெள்ளித் தண்டுகளின் தொகுதியே நுண்தண்டு வரிசை. ஒளி பட்டதும் உலோகத்தின் எலக்ட்ரான்கள் கூட்டமாக ஊசலாடும். இந்த ஊசலாட்டத்துக்குப் பிளாஸ்மான் என்று பெயர்.

இத்தகைய வரிசைகளின் வரலாற்றை ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் தொடங்குவதே முறை. 1888-இல் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் இரண்டு மீட்டர் உயரமுள்ள எண்கோண மரச்சட்டத்தில், ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்புக் கம்பிகளை 3 சென்டிமீட்டர் இடைவெளியில் இழுத்துக் கட்டினார். எதிரே வந்தது 66 சென்டிமீட்டர் மின்காந்த அலை. அலையின் மின்புலமும் கம்பிகளும் ஒரே திசையில் இருந்தபோது அலை மறிக்கப்பட்டது. சட்டத்தைக் கால் வட்டம் திருப்பியதும் தடையின்றிக் கடந்தது. வேலிச் சந்தின் திசையில் ஆட்டிய கயிற்றலைதான் கடக்கும் என்று காட்டும் பள்ளிக்கூட விளக்கத்துக்கு இது நேர்மாறு! கம்பியின் நீளவாக்கில் எலக்ட்ரான்கள் ஓட முடிவதால்தான் அலை திருப்பி அனுப்பப்படுகிறது. பத்தாண்டுகள் கழித்துக் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், முறுக்கிய சணல் கற்றைகளைக் கொண்டு அலையின் அதிர்வுத் தளத்தையே சுழற்றிக் காட்டினார். கம்பியும் இல்லை, உலோகமும் இல்லை. ஆனாலும் வடிவமைப்பால் அலையை ஆளலாம் என்ற எண்ணம் அங்கே முழுமை பெற்றுவிட்டது.

பிளாஸ்மான் தரும் நிறத்தின் கதை வேறு. 1857-இல் மைக்கேல் ஃபாரடே தங்கத்தை நீரில் நுண்துகளாக்கி மாணிக்கச் சிவப்புக் கரைசல் செய்தார். அந்தச் சீசாக்கள் சில லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்னும் இருக்கின்றன. உருண்டைத் துகள் 520 நானோமீட்டர் அருகே உள்ள ஒளியை, அதாவது பச்சையை, விழுங்குவதால் சிவப்பு எஞ்சுகிறது. நீண்ட துகள் எப்படி நடந்துகொள்ளும் என்பதை 1912-இல் ரிச்சர்ட் கான்ஸ் கணக்கிட்டார். தண்டின் எலக்ட்ரான் ஊசலாட்டத்துக்கு இரண்டு ஒத்ததிர்வுகள்: குறுக்குவாட்டில் ஒன்று, நெடுக்கில் ஒன்று. நீளம் அகலத்தைப் போல் நான்கு மடங்கானால், நீரில் நெடுக்கு ஒத்ததிர்வு சுமார் 800 நானோமீட்டருக்குப் போய்விடும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்கு. அதே தங்கம்தான், மாறியது உருவம் மட்டுமே.

தண்டுகளை வரிசையாக நிறுத்தும்போது, அவற்றுக்கிடையே உள்ள தூரம் ஒளியின் அலைநீளத்தை நெருங்கினால், ஒவ்வொன்றும் சிதறடிக்கும் ஒளி அண்டையில் உள்ளவற்றை வந்தடைந்து கைகோக்கிறது. தனித்தண்டில் அகன்று மங்கிய ஒத்ததிர்வு, வரிசையில் கூர்மையாகிறது.

இந்த வரிசைகள் இன்று எலக்ட்ரான் கற்றையால் வரைந்து செய்யப்படுகின்றன, உணரிகளில் பயன்படுகின்றன.