வயற்காட்டுக் கூலிகளின் ஊரில் வளர்ந்த பல்கலைக்கழகம்

பல்கலைக்கழகம் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? பெரிய பட்டணம், உயர்ந்த கட்டடம், காரில் வந்து இறங்கும் பணக்கார வீட்டுப் பிள்ளைகள். கூலி வேலை செய்யும் மக்களின் ஊரில், வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளை நம்பி ஒரு பல்கலைக்கழகம் வளர முடியுமா? முடியும் என்று காட்டியிருக்கிறது அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள ஒரு பள்ளத்தாக்கு. அந்த வரலாற்றைப் பெற்றோர்களும் மாணவமணிகளும் அறிந்துகொள்ள வேண்டும் என்று இங்கே சுருக்கமாக எழுதுகிறேன்.

ஆற்றங்கரை மக்கள்

அமெரிக்காவில் டெக்சஸ் என்று ஒரு மாநிலம். அதன் தெற்கு எல்லையில் ரியோ கிராண்டே என்ற ஆறு ஓடுகிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெக்சிக்கோ. இரு நாடுகளுக்கும் நடந்த போருக்குப் பின், 1848ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி அந்த ஆறே எல்லை ஆயிற்று. வடகரையில் வாழ்ந்த ஸ்பானிய மொழிக் குடும்பங்கள் இருந்த இடத்திலிருந்தபடியே அமெரிக்கர்கள் ஆனார்கள்.

1904ல் அங்கே ரயில் வந்தது. வெள்ளைக்கார முதலாளிகள் நிலத்தை வாங்கி, ஆற்று நீரைப் பாய்ச்சி, பருத்தி, வெங்காயம், ஆரஞ்சு என்று பெரிய பண்ணைகள் போட்டார்கள். முதுகு வளைத்து வேலை செய்தவர்களோ ஸ்பானியம் பேசும் மக்கள். உள்ளூரில் வேலை ஓய்ந்ததும் குடும்பம் குடும்பமாக லாரியில் ஏறி மிச்சிகன், ஒகையோ, மினசோட்டா என்று வடக்கே போவார்கள். அங்கே பீட் கிழங்கு வயலில் களையெடுப்பார்கள், பழம் பறிப்பார்கள். பள்ளிக்கூடம் மூடுவதற்கு முன்பே கிளம்பி, திறந்து பல வாரம் கழித்துத் திரும்புவார்கள். பிள்ளைகளின் படிப்பு என்ன ஆகும்? சொல்லவா வேண்டும்!

போதாக்குறைக்கு, பல ஊர்களில் அவர்களுக்கென்று 'மெக்சிக்கப் பள்ளி' தனியாக இருந்தது. 1918ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பாடம் ஆங்கிலத்தில்தான் நடக்க வேண்டும் என்றது. விளையாட்டு நேரத்தில் வாய்தவறி ஸ்பானியம் பேசினாலும் பல பள்ளிகளில் அடி கிடைத்தது.

ஒரு சிறு கல்லூரி

இந்தப் பள்ளத்தாக்கில் 1926ல் பிரௌன்ஸ்வில் என்ற ஊரிலும், 1927ல் எடின்பர்க் என்ற ஊரிலும் இரண்டு சிறு கல்லூரிகள் தொடங்கின. இரண்டும் இரண்டாண்டுப் படிப்புக் கல்லூரிகள். ஆனால் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அவை எட்டாத தூரம். உயர்நிலைப் பள்ளியையே தாண்டாத பிள்ளை கல்லூரிக்கு எப்படிப் போகும்?

எடின்பர்க் கல்லூரி மெல்ல மெல்ல வளர்ந்தது. 1952ல் நான்காண்டுப் பட்டப்படிப்புக் கல்லூரியாகிப் 'பான் அமெரிக்கன் கல்லூரி' என்று பெயர் மாறியது. 1965ல் அரசாங்கம் அதனை மாநிலக் கல்லூரியாக ஏற்றுக்கொண்டது. 1971ல் பல்கலைக்கழகம் என்ற பெயர் கிடைத்தது. வீட்டிலிருந்தே போய் வரலாம் என்ற ஒரே காரணத்தால் எத்தனையோ ஏழைப் பிள்ளைகள் அதில் சேர்ந்தார்கள்.

மக்கள் விழித்தார்கள்

1966ல் அந்தப் பள்ளத்தாக்கிலுள்ள ஸ்டார் கவுண்டியில் முலாம்பழத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மணிக்கு 1 டாலர் 25 காசு கூலி வேண்டும் என்று கேட்டு, கடும் வெயிலில் மாநிலத் தலைநகரான ஆஸ்டின் வரை ஊர்வலமாக நடந்தே போனார்கள். அந்தப் போராட்டம் வெற்றி பெறவில்லை. ஆனால் 'கேட்டால் என்ன?' என்ற தைரியம் மக்களுக்கு வந்துவிட்டது.

அந்தத் தைரியம் பிள்ளைகளுக்கும் வந்தது. 1968 நவம்பரில், எடின்பர்க்குக்குப் பக்கத்திலுள்ள எட்கவுச்-எல்சா உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியேறினார்கள். தாய்மொழி பேசினால் தண்டிக்கக் கூடாது, எங்களையும் கல்லூரிக்குத் தயார் செய்யுங்கள் என்பவை அவர்களுடைய கோரிக்கைகளில் சில. பல மாணவர்கள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். வழக்கு நீதிமன்றம் போயிற்று; தீர்ப்பு மாணவர்கள் பக்கம் வந்தது. அதற்கடுத்த ஆண்டு இருமொழிக் கல்விக்கு மாநிலச் சட்டமும் இடம் கொடுத்தது.

உள்ளே விட்டார்கள், நாக்கைத் திருத்தப் பார்த்தார்கள்

கல்லூரி வாசல் திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? குளோரியா அன்சால்டுவா என்ற பெண்ணின் கதையைப் பாருங்கள். 1942ல் அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவர். சிறு வயதில் தகப்பனாரை இழந்து, வயலில் வேலை செய்துகொண்டே படித்தார். 1969ல் பான் அமெரிக்கன் கல்லூரியில் பட்டம் பெற்றார். அந்தக் கல்லூரியில் மெக்சிக்க வமிசத்து மாணவர்கள் இரண்டு பேச்சு வகுப்புகள் கட்டாயம் எடுக்க வேண்டும். எதற்காக? அவர்களுடைய ஆங்கிலத்தில் உள்ள ஸ்பானியச் சாயலைப் போக்குவதற்காக! 1987ல் தாம் எழுதிய நூலில் அவர் இதனைப் பதிவு செய்தார். அந்த நூலை ஆங்கிலமும் ஸ்பானியமும் கலந்தே எழுதினார். எந்த நாக்கைத் திருத்த நினைத்தார்களோ, அந்த நாக்கின் பேச்சே இன்று பல பல்கலைக்கழகங்களில் பாடமாக இருக்கிறது.

பணம் எங்கே?

அடுத்த சண்டை பணத்துக்காக நடந்தது. டெக்சஸ் மக்களில் சுமார் 100க்கு 20 பேர் எல்லைப் பகுதியில் வாழ்ந்தார்கள். ஆனால் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குச் செலவான பணத்தில் 100க்கு 10 பங்குதான் அந்தப் பகுதிக்குப் போயிற்று. மாநிலம் முழுவதும் இருந்த ஏறக்குறைய 590 டாக்டர் பட்டப் படிப்புகளில் மூன்றுதான் எல்லைப் பகுதியில் இருந்தன. 1987ல் மக்கள் அமைப்புகள் வழக்குப் போட்டன. கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தாலும், 1993ல் மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றுப் போனார்கள். ஆனாலும் வழக்கு வீண்போகவில்லை. அது நடந்துகொண்டிருந்தபோதே சட்டமன்றம் எல்லைப் பகுதிக்குக் கூடுதல் பணம் ஒதுக்கத் தொடங்கியது. 1989ல் பான் அமெரிக்கன், டெக்சஸ் பல்கலைக்கழக அமைப்பில் சேர்ந்தது.

அப்போதும் ஒரு குறை இருந்தது. டெக்சஸில் பல்கலைக்கழகங்களுக்கென்று 1876லேயே நிலம் ஒதுக்கி ஒரு நிதி ஏற்படுத்தினார்கள். 1923ல் அந்த நிலத்தில் எண்ணெய் கிடைத்து, நிதி பெருகிவிட்டது. எடின்பர்க்கும் பிரௌன்ஸ்வில்லும் அந்தப் பணத்தைத் தொட முடியாது. 2013ல் சட்டமன்றம் இரண்டு பல்கலைக்கழகங்களையும் ஒன்றாக்கி, நிதியில் பங்கு பெறும் புதிய பல்கலைக்கழகத்தை அமைக்கச் சட்டம் செய்தது. 2015ல் 'டெக்சஸ் பல்கலைக்கழகம் – ரியோ கிராண்டே பள்ளத்தாக்கு' என்ற பெயரில் அது திறந்தது. 2016ல் அதன் மருத்துவக் கல்லூரி முதல் மாணவர்களைச் சேர்த்தது. 2020ல் அவர்கள் டாக்டர்களாக வெளியே வந்தார்கள். இன்று அந்தப் பல்கலைக்கழகத்தில் 30,000க்கும் மேற்பட்டோர் படிக்கிறார்கள். அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஹிஸ்பானியர். பேச்சு வகுப்பில் நாக்கைத் திருத்திய கல்லூரியின் வாரிசு, இருமொழிக் கல்வியை வளர்க்கவென்றே ஒரு தனிக் கழகத்தையும் ஏற்படுத்தியது.

மாணவர்களில் நான்கில் ஒரு பங்காவது ஹிஸ்பானியராக உள்ள கல்லூரிகளுக்குத் தனி உதவி தர, 1992ல் அமெரிக்க நாடாளுமன்றம் வழி செய்தது. ஆனால் அந்த உதவியில் பெரும் பகுதியை நிறுத்துவதாக 2025ல் அரசாங்கம் அறிவித்தது. ஆக, கிடைத்ததெல்லாம் நிலைத்துவிடும் என்று யாரும் சும்மா இருந்துவிட முடியாது.

நாம் தெரிந்துகொள்வது

பெற்றோர்களே! இந்தப் பல்கலைக்கழகம் ஒரே நாளில் வானத்திலிருந்து குதிக்கவில்லை. 1927லிருந்து 2015 வரை 88 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. கேட்டார்கள், நடந்தார்கள், வழக்காடினார்கள், தோற்றார்கள், மறுபடியும் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வயலில் வேலை இருந்தும் பிள்ளையை வகுப்புக்கு அனுப்பிய தாய் தகப்பன்மார் அங்கே இருந்தார்கள். அவர்கள் அனுப்பியிருக்காவிட்டால் கட்டடம் மட்டும்தான் நின்றிருக்கும்.

"நம்ம பிள்ளை படிச்சு என்ன ஆகப் போவுது?" என்று யாராவது கேட்டால், இந்தப் பள்ளத்தாக்கின் கதையைச் சொல்லுங்கள். இன்று பரிசு வாங்கும் பிள்ளைக்கும், வாங்காமல் வீடு திரும்பும் பிள்ளைக்கும் நாளைக் காலையில் பள்ளிக்கூடம் உண்டு. இருவரையும் தவறாமல் அனுப்பி வையுங்கள்.