பரண்மேல் கிடக்கும் துப்பாக்கி

காட்டுப்பன்றியை விரட்டத் தாத்தா வைத்திருந்த பழைய வேட்டைத் துப்பாக்கி பரண்மேல் கிடக்கலாம். துருவைத் தேய்த்து எண்ணெய் போட்டால் மீண்டும் சுடுமே என்று நமக்குத் தோன்றும். ஆனால், சுங்கை சிப்புட்டில் துப்பாக்கிக்கு ஒரு வரலாறு உண்டு.

1948 ஜூன் 16 காலையில், எல்பில் தோட்டத்துத் துரை ஆர்தர் வாக்கரைக் கம்யூனிஸ்டு ஆயுதக் குழுவினர் சுட்டுக் கொன்றனர். அருகிலிருந்த மற்றொரு தோட்டத்தில் மேலும் இரு துரைமார் மாண்டனர். இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் வந்தது. அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு என்றது சட்டம். தொழிற்சங்கத் தலைவராக விளங்கிய எஸ்.ஏ. கணபதி, கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4-ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதே காலத்தில் ஊர்க்காவல் படையினருக்கு அரசே வேட்டைத் துப்பாக்கி கொடுத்தது. இருவேறு கதிக்கும் நடுவே நின்றது அனுமதி ஒன்றுதான்.

அவசரகாலம் 1960 ஜூலை 31-இல் முடிந்தது. அவ்வாண்டு இயற்றிய ஆயுதச் சட்டமோ இன்றும் இருக்கிறது. வைத்திருக்கவும் பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும். மேலும், துரு அரித்த குழாய் வெடித்தால் சுடுபவர் முகமே சிதையும். ஆகவே அதைத் தொடாமல், காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுப்போம். துப்பாக்கி போனாலும் தாத்தாவின் கதை நம்மிடம் இருக்கும்.