கோலன் பகுப்புமுறையும் அதன் திருத்தங்களும்

நூலகத்தில் ஒரு புத்தகம் எந்த அலமாரியில், எந்தப் புத்தகத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதைப் பகுப்பெண் தீர்மானிக்கிறது. அந்த எண்ணை எப்படி அமைப்பது என்று 20ஆம் நூற்றாண்டில் புதிதாகச் சிந்தித்த முறைகளில் தலையாயது கோலன் பகுப்புமுறை. சென்னை நூலகச் சங்கம் 1933இல் அதன் முதல் பதிப்பை வெளியிட்டது.

அதை வகுத்த எஸ். ஆர். ரங்கநாதன் சீர்காழியில் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்த அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்று, அதே ஆண்டு பயிற்சிக்காக லண்டன் சென்றார். அங்கே பெர்விக் சேயர்ஸிடம் பகுப்பியல் படித்தபோது டூயி தசமப் பகுப்பின் போதாமை அவருக்குப் புலப்பட்டது. மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட அந்த முறையில் பொருள்களுக்கான எண்கள் பெரும்பாலும் முன்கூட்டியே அச்சாகியிருக்கும். பட்டியலில் இல்லாத பொருளில் ஒரு நூல் வந்தால் அடுத்த பதிப்புக்குக் காத்திருக்க வேண்டும், அல்லது கிட்டத்தட்டப் பொருந்தும் ஓர் எண்ணுக்குள் அதைத் திணிக்க வேண்டும். சமயத்துக்கு ஒதுக்கிய 200களில் பெரும்பகுதி கிறித்தவத்துக்குப் போய்விட, மற்றச் சமயங்கள் எல்லாம் 290களுக்குள் நெருக்கிக்கொண்டன. இந்திய நூலகங்களுக்கு இது சிறிய குறையல்ல.

லண்டன் செல்பிரிட்ஜஸ் கடையில் மெக்கானோ விளையாட்டுப் பெட்டியைக் கண்டபோது அவருக்கு வழி தோன்றியது. ஒரே பட்டைகளையும் திருகுகளையும் மாற்றி மாற்றிப் பூட்டினால் வெவ்வேறு பொம்மைகள் உருவாயின. அதுபோல அடிப்படைக் கருத்துகளுக்கு மட்டும் எண் கொடுத்துவிட்டால், நூலுக்கு ஏற்ப அவற்றைக் கோத்துக்கொள்ளும் வேலையை நூலகரிடமே விட்டுவிடலாம். கோக்கும் குறியாக முக்காற்புள்ளியைத் தேர்ந்தார்; முறையின் பெயரும் அக்குறிக்கான ‘கோலன்’ என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்தே வந்தது.

பாரதியார் கவிதைத் தொகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். இலக்கியத்துக்கு ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்து, தமிழுக்கு 31, கவிதைக்கு 1. ஆசிரியரைக் குறிப்பது அவர் பிறந்த ஆண்டு: 1800களுக்கு ‘எம்’, 1882 என்பதால் ‘எம்82’. எல்லாம் சேர்ந்து ஓ31:1எம்82 ஆகிறது. எந்தக் கவிஞரின் பெயரும் அட்டவணையில் அச்சாகியிருக்கத் தேவையில்லை. நாளை எழுத வரும் கவிஞருக்கும் இந்த முறையில் இடம் காத்திருக்கிறது. வரிசையில் 9ஐ வெற்று எண்ணாக விட்டு, 8க்குப் பிறகு 91, 92 என்று நீட்டிக்கொள்ளும் உத்தியும் இதே நோக்கில் பிறந்ததுதான். பழைய எண்களைக் கலைக்காமல் புதியவற்றைச் சேர்க்க முடிந்தது கோலன் முறையின் பெரும் பலம்.

ஆயினும் ரங்கநாதன் அத்துடன் நிற்கவில்லை. இரண்டாம் பதிப்பு 1939இலும் மூன்றாவது 1950இலும் வந்தன. 1952இல் வந்த நான்காம் பதிப்பு முறையின் அடித்தளத்தையே மாற்றியது. எந்தப் பொருளிலும் ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என்ற ஐந்து கூறுகளே உண்டு என்ற கோட்பாடு அதில் விதியாயிற்று. ஒரே முக்காற்புள்ளியால் எல்லாவற்றையும் இணைத்த இடத்தில், ஆளுமைக்குக் காற்புள்ளி, பருப்பொருளுக்கு அரைப்புள்ளி, ஆற்றலுக்கு முக்காற்புள்ளி, இடத்துக்கும் காலத்துக்கும் புள்ளி என்று குறிகள் பிரிந்தன. கோட்பாட்டளவில் இது மகத்தான முன்னேற்றம்.

நூலகருக்கோ இதனால் வேலை கூடியது. ஓ31:1எம்82 இப்போது ஓ31,1எம்82 ஆக வேண்டும். மாறியது ஒரே ஒரு குறி. ஆனால் அதற்காக நூலின் முதுகுச் சீட்டைக் கிழித்து ஒட்ட வேண்டும், பட்டியல் அட்டைகளையும் பதிவேட்டையும் திருத்த வேண்டும், புத்தகத்தைப் புதிய வரிசையில் அடுக்க வேண்டும். இதை உணர்ந்து ரங்கநாதனே ஒரு நடைமுறையைச் சொன்னார்: புதிய நூல்களுக்குப் புதிய எண், பழைய நூல் வாசகரிடம் போய்த் திரும்பும்போது மட்டும் அதற்கும் புதிய எண். யாரும் கேட்காத நூல்கள் பழைய எண்ணுடன் தனியே இருக்கும். ஊழியர் குறைந்த நூலகங்களின் நிலையறிந்து சொன்ன யோசனை இது.

டூயி முறையும் இதே சிக்கலைச் சந்தித்தது. ஒருமுறை கொடுத்த எண்ணை எளிதில் மாற்றுவதில்லை என்பது டூயி நூலகங்களுக்குக் கொடுத்த உறுதி. 1951இல் வந்த 15ஆம் பதிப்பு அட்டவணையைக் கடுமையாகச் சுருக்கி, பல எண்களை இடம் மாற்றியது. நூலகங்கள் பல அதை ஏற்காமல் 14ஆம் பதிப்பிலேயே நின்றன. 1958இல் வந்த 16ஆம் பதிப்பு விரிவான அட்டவணைக்குத் திரும்பியது.

பட்டியல் விதிகளிலும் ரங்கநாதன் இதே உழைப்பைச் செலுத்தினார். 1934இல் முதலில் வந்த அவருடைய பகுப்புப் பட்டியல் விதித்தொகுப்பு, 1964க்குள் ஐந்து பதிப்புகள் கண்டது. குடும்பப் பெயரை முன்னால் எழுதும் மேலை நாட்டு விதி தென்னிந்தியப் பெயர்களுக்குப் பொருந்தாது. இங்கே முதலெழுத்து ஊரையோ தந்தையையோ குறிக்கும். எஸ். ராதாகிருஷ்ணன் என்றால், ராதாகிருஷ்ணன் என்ற இயற்பெயரை முன்னிறுத்தி, எஸ் என்ற எழுத்தைப் பின்னால் அடைப்புக்குறிக்குள் வைக்கச் சொன்னது அவருடைய விதி. கடைசிச் சொல் சாதிப் பெயராக இருந்தால் அதைத் தனியே முன்னுக்கு இழுக்காமல், சங்கரன் நாயர் என்று இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். வாசகர் எந்தப் பெயரைத் தேடுவாரோ அந்தப் பெயரில் அட்டை இருக்க வேண்டும் என்ற அக்கறை இந்த விதிகளில் தெரிகிறது.

கோலன் ஐந்தாம் பதிப்பு 1957இலும் ஆறாவது 1960இலும் வந்தன. ஆறாவதே 1963இல் திருத்தங்களுடன் மறு அச்சாயிற்று. இந்திய நூலகங்களில் நிலைத்ததும் வகுப்பறைகளில் கற்பிக்கப்பட்டதும் பெரும்பாலும் இந்தப் பதிப்புதான். 1972இல் ரங்கநாதன் மறைந்தபின், ஏழாம் பதிப்பை எம். ஏ. கோபிநாத் செப்பனிட, பெங்களூரு சாரதா ரங்கநாதன் அறக்கட்டளை 1987இல் வெளியிட்டது. பல மாற்றங்கள் அதில் இருந்தன. ஆனால் ஆறாம் பதிப்பில் ஊன்றிவிட்ட நூலகங்களில் பல அதற்கு மாறவில்லை. வேறு பல டூயி முறையைக் கைக்கொண்டன.

கோலன் எண்கள் அலமாரியில் தோற்ற அளவுக்கு ரங்கநாதனின் கருத்து தோற்கவில்லை. 1952இல் லண்டனில் உருவான பகுப்பியல் ஆய்வுக் குழு, பொருளைக் கூறுகளாகப் பிரிக்கும் அவருடைய வழியைத் தன் அடிப்படையாக ஏற்றது. 1977 முதல் வெளிவரத் தொடங்கிய பிளிஸ் பகுப்புமுறையின் இரண்டாம் பதிப்பு முழுக்க அந்த வழியிலேயே அமைந்தது.