ஹென் நா ஹோட்டல்

ஹென் நா ஹோட்டல் என்பது வரவேற்பு, சுமைதூக்கல், பொருள் காப்பு முதலிய பணிகளில் மனிதருக்குப் பதிலாக எந்திரன்களை அமர்த்திய ஜப்பானிய விடுதியாகும். நாகசாகி மாகாணத்தின் சசேபோ நகரிலுள்ள ஹவுஸ் தென் போஸ் கேளிக்கைப் பூங்காவில், எச்.ஐ.எஸ். பயண நிறுவனத்தைத் தோற்றுவித்த ஹிதேயோ சவாதாவின் முயற்சியால் 2015 ஜூலையில் இது திறக்கப்பட்டது. எந்திரன்கள் பணியாற்றும் உலகின் முதல் விடுதி எனக் கின்னஸ் நிறுவனம் இதனை ஏற்றது.

வரவேற்பு மேசையில் தொப்பியணிந்த டைனோசர் உருவமும் பெண்ணுருவ எந்திரனும் விருந்தினரை எதிர்கொண்டன. சாவிக்கு மாற்றாக, முகத்தின் அமைப்பைப் படம்பிடித்து ஆளை அடையாளங்காணும் முகமறிதல் முறை அறைக்கதவுகளைத் திறந்தது. எனினும் படுக்கை விரித்தல் மனிதரிடமே இருந்தது. காப்புக் கேமராக்களையும் அவர்களே கண்காணித்தனர்.

நடைமுறையில் குறைகள் பல வெளிப்பட்டன. அறையிலிருந்த சுரி எனும் பேசும் பொம்மை, உறங்குபவரின் குறட்டையைக் கட்டளையாகக் கொண்டு, கேட்டது விளங்கவில்லை என்று நள்ளிரவில் அவரை எழுப்பியது. வரவேற்பு எந்திரன்களால் அயல்நாட்டாரின் கடவுச்சீட்டை நகலெடுக்க இயலாததால் ஊழியரே அதைச் செய்ய நேர்ந்தது. சுமைதூக்கும் எந்திரன்கள் சமதளப் பாதையுள்ள சில அறைகளுக்கு மட்டுமே செல்லக்கூடியவையாக இருந்ததோடு, மழையில் நனைந்தால் பழுதடைந்தன. ஆட்குறைப்புக்காக வாங்கப்பட்டவை ஆள்வேலையைப் பெருக்கியதாலும், பழையவற்றைப் புதுப்பிக்கும் செலவு மிகுந்ததாலும், 243 எந்திரன்களில் பாதிக்கு மேற்பட்டவை விலக்கப்பட்டதாக 2019 ஜனவரியில் செய்தி வெளியானது. இவ்விடுதியின் கிளைகள் டோக்கியோ உள்ளிட்ட நகரங்களில் இயங்குகின்றன.