எண்ணப்படாதோரின் கணக்கு

உழைப்பாளரின் சராசரிக் கூலி உயர்ந்தால் அம்மக்கள் முன்னேறினர் எனக் கொள்வது உலக வழக்கம். அம்முடிவு பிழையாகவும் கூடும் என்பதைக் கணித வழியில் நிறுவியவர் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மன். 1944-ஆம் ஆண்டு சிகாகோவில் பிறந்த இவர், 1973 முதல் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 2000-ஆம் ஆண்டுக்குரிய பொருளியல் நோபல் நினைவுப் பரிசை டேனியல் மக்ஃபேடனுடன் பகிர்ந்துகொண்டார்.

கூலிக் கணக்கில் வேலையில் உள்ளோர் மட்டுமே இடம்பெறுவர். பத்துப் பேரில் ஐவர்க்கு நாட்கூலி 4 ரூபாய், ஐவர்க்கு 8 ரூபாய் எனில் சராசரி 6 ரூபாய். முதல் ஐவரும் வேலை இழப்பின் மறுநாளே சராசரி 8 ரூபாய் ஆகிவிடும். எவர்க்கும் ஒரு காசும் கூடவில்லை. ஐந்து வீடுகளில் அடுப்பு எரியவில்லை. 1960-களில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் கூலியில் தோன்றிய உயர்வின் ஒரு பகுதி இத்தகையதாகலாம் என்று 1977-இல் ரிச்சர்ட் பட்லருடன் இணைந்து அவர் சுட்டினார். 1979-இல் வெளியிட்ட கட்டுரையில் இப்பிழையைத் திருத்தும் முறையையும் வகுத்தார். கணக்கில் இடம்பெறும் வாய்ப்பு எவர்க்கு எவ்வளவு என்பதை முதலில் மதிப்பிட்டு, அதற்கேற்பக் கூலிக் கணக்கைச் சீர்செய்வதே அம்முறை.

ஆயினும் முன்னேற்றமெல்லாம் கணக்கின் மாயமே என அவர் கூறினாரல்லர். தென் கரோலினா மாநிலத்தில் 1915-ஆம் ஆண்டுச் சட்டமொன்று, துணி ஆலைகளில் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே அறையில் வேலை செய்வதையும், ஒரே வாயிலையும் குடிநீர்க் குவளையையும் பயன்படுத்துவதையும் தடுத்தது. தரை கழுவுவோர்க்கும் கழிப்பறை தூய்மை செய்வோர்க்கும் அதில் விலக்கு இருந்தது! இந்த ஆலைகளின் நெடுங்காலப் பதிவுகளை ஹெக்மனும் புரூக் பேனரும் ஆராய்ந்து 1989-இல் முடிவுகளை வெளியிட்டனர். பல்லாண்டுகள் அசையாதிருந்த கறுப்பினத்தாரின் பங்கு 1965-ஐ ஒட்டித் திடீரென உயர்ந்திருந்தது. 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின் வேலைவாய்ப்புப் பிரிவு நடைமுறைக்கு வந்த ஆண்டு அது. கல்வி வளர்ச்சியும் ஆள் பற்றாக்குறையும் மட்டுமே இம்மாற்றத்தை விளக்கப் போதா. அரசின் நடவடிக்கைக்கும் அதில் பெரும்பங்கு உண்டு என்பது அவர்தம் முடிவு.

கல்விப் பணியில் ஈடுபட்டுள்ள நமக்கும் இதில் பாடம் உண்டு. தேர்ச்சி விழுக்காடு தேர்வெழுதியோரை மட்டுமே எண்ணுகிறது; இடையில் பள்ளியை விட்டுக் கூலிக்குச் சென்ற பிள்ளையை அது எண்ணுவதில்லை. ஆகவே முதல் வகுப்பில் சேர்ந்தோர் எத்தனை பேர், இறுதித் தேர்வுவரை வந்தோர் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் குறித்துவைப்போமாக. விடுபட்டோரின் பெயர்களையும் ஏட்டில் எழுதிய பின்னரே நம் வளர்ச்சியின் உண்மை அளவு புலப்படும்.