வன்தட்டு போனாலும் வானத்தைத் தேடலாம்

வேற்றுக்கிரகத்துல யாராச்சும் இருக்காங்களான்னு தேட, 1999 மே மாதம் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 'செட்டி அட் ஹோம்' திட்டத்தை ஆரம்பித்தது. அரெசிபோ வானொலித் தொலைநோக்கி பதிந்த தரவைத் துண்டு துண்டாக்கி நம்ம வீட்டுக் கணினிக்கு அனுப்புவாங்க. அது சும்மா கிடக்கிற நேரத்துல அலசி, விடையைத் திருப்பி அனுப்பும்.

பிறகு இந்த மாதிரி எல்லாத் திட்டத்துக்கும் பொதுவா 'பாயிங்க்' மென்பொருளையும் அங்கேயே உருவாக்கினாங்க.

2008ல எனக்கும் ஆசை வந்துச்சு. ஆனா கையில இருந்தது வன்தட்டு செத்த பழைய பெட்டி! கைகொடுத்தது, ஆஸ்திரேலியாக்காரர் பாரி காலர் 2003ல வெளியிட்ட பப்பி லினக்ஸ். பென் டிரைவ்ல கிளம்பி, முழுசா நினைவகத்துல ஏறி உட்கார்ந்துக்கும்.

வந்தது வினை. பென் டிரைவ்ல சேமிக்கிறதுக்குள்ள கரண்ட் போச்சு. ரெண்டு நாள் கணக்கு அம்போ. அப்புறம்தான் பாயிங்க் கோப்புகளைப் பென் டிரைவ்லயே வெச்சேன். ஓயாம எழுதினா அது தேஞ்சிடும். அதனால பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழுதினாப் போதும்னு அமைச்சேன்.

2020 மார்ச் 31 அன்று செட்டி வேலை அனுப்புவதை நிறுத்தியது. அதே வருஷம் டிசம்பர்ல அரெசிபோவும் இடிஞ்சு விழுந்தது. வேற்றுக்கிரகச் சேதி எதுவும் சிக்கலை.

அப்போ என் பெட்டி ஓடினது வீணா? இல்லைங்க. 'இங்க ஒண்ணும் இல்லை'ன்னு சொல்லவும் யாராச்சும் தேடிப் பார்த்திருக்கணுமே!