உப்பளக் கரையும் வேட்டைத் துப்பாக்கியும்

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் துப்பாக்கியைப் பற்றிய கட்டுரையா என அன்பர் சிலர் வியக்கக் கூடும். அவ்வியப்பு நீங்கச் சிறுபாணாற்றுப்படையிலிருந்தே தொடங்குவோம். ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் பரிசில் பெறச் செல்லும் பாணனுக்கு, இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் வழியிலுள்ள ஊர்களைக் காட்டுகிறார். கடற்கரை எயிற்பட்டினத்தில் சுட்ட மீன் கிடைக்கும். அடுத்துவரும் வேலூரில் எயினர்குலப் பெண்டிர் புளிச்சோற்றுடன் ஆமானின் சுட்ட இறைச்சியைத் தருவர். எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்றும், வேலூர் அதற்கு அண்மையிலுள்ள உப்புவேலூர் என்றும் அறிஞர் கருதுவர். எனவே, நெய்தலின் உப்பும் வேட்டுவரின் இறைச்சியும் ஒருநாள் நடைத்தொலைவில் அடுத்தடுத்து இருந்த நிலம் இது.

அவ்வெயினர் கையிலிருந்தது வில். மிக நெருங்கினாலன்றி அம்பு தைக்காது. புதர்க்காட்டில், அண்மைத் தொலைவில், ஒரே அடியில் மானை வீழ்த்த எக்கருவி ஏற்றது என்னும் வினா அன்றே பிறந்ததுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கா அதற்குக் கண்ட விடை நெம்புகோல் ரைபிள். அவ்விடை நம் கரைக்கு ஏன் வந்து சேரவில்லை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருவி பிறந்த கதை

குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கு ஒரு வேட்டுதான். மறுமுறை கெட்டித்து முடிப்பதற்குள் மான் கண்ணுக்கெட்டாத தொலைவு போயிருக்கும். 1860இல் பெஞ்சமின் டைலர் ஹென்றி காப்புரிமை பெற்ற ரைபிள் இந்நிலையை மாற்றியது. விசையைச் சூழ்ந்த வளையமே அதன் நெம்புகோல். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் வெடித்த தோட்டாவின் கூடு வெளியே விழும். சுத்தியல் பின்னே சென்று நிற்கும். குழலுக்கு அடியிலுள்ள நீண்ட குழாயிலிருந்து புதுத்தோட்டா ஒன்று ஏறி அமரும். தோளிலிருந்து துப்பாக்கியை இறக்காமலே அடுத்த வேட்டுக்கு ஆயத்தமாகலாம். இவ்வழியில் வின்செஸ்டர் நிறுவனம் 1866, 1873 ஆகிய ஆண்டுகளின் மாதிரிகளை வெளியிட்டது. பின்னர் ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1892, 1894 மாதிரிகள் வந்தன. 1894 மாதிரி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு மேல் செய்யப்பட்டு, 70 இலட்சத்துக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் விற்றது.

சிறு விட்டம் என்னும் சிக்கல்

இத்துப்பாக்கிகளுள் ஒன்றைத் தெரிவு செய்வோன் குழலின் விட்டத்தை மட்டும் நோக்கினால் ஏமாறுவான். 1892 மாதிரிக்கு 25-20 எனப்பட்ட சிறு தோட்டா உண்டு. அதன் குண்டு கால் அங்குல விட்டமும் 5.6 கிராம் எடையும் உடையது. நொடிக்குச் சுமார் 445 மீட்டர் விரைவில் செல்லும். விலை மலிவு, தோளில் உதை குறைவு, ஓசையும் சிறிது. 1894 மாதிரிக்கென 1895இல் வந்த 30-30 என்னும் தோட்டாவும் அக்காலத்தில் சிறுவிட்டத் தோட்டா என்றே எண்ணப்பட்டது. ஆயினும் புகையற்ற மருந்தின் வலிமையால், அதன் 11 கிராம் குண்டு பிற்காலத்தில் நொடிக்குச் சுமார் 670 மீட்டர் விரைவைப் பெற்றது. விட்டத்தில் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு அங்குலத்தில் இருபதில் ஒரு பங்கே. தாக்கும் ஆற்றலில் உள்ள வேறுபாடோ நான்கு மடங்குக்கும் மேல்.

முயலுக்குப் போதுமான முன்னது, எழுபது முதல் தொண்ணூறு கிலோ எடையுள்ள புள்ளிமான் கலைக்குப் போதாது. குண்டு பட்ட மான் விழாமல் முட்புதருள் ஓடி மறையும். இரவெல்லாம் துடித்துச் சாகும். வேட்டைக்காரனுக்கு இறைச்சியும் இல்லை; மானுக்கு விரைந்த முடிவும் இல்லை. ஆகவே, ‘சிறிய துப்பாக்கி, எனவே சிறிய கொடுமை’ என்று எண்ணுவது பிழை. உயிரைக் கொல்லத் துணிந்தவன் அதை ஐயமின்றிக் கொல்லும் கருவியை எடுப்பதே குறைந்த கொடுமையாகும்.

இக்கருவிக்குத் தன்னளவிலேயே ஓர் எல்லையும் இருந்தது. நீள்குழாயில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடப்பதால், பின்னதன் கூர்முனை முன்னதன் அடியிலுள்ள கேப்பில் இடித்து வெடிக்கும் இடர் உண்டு. அதனால் குண்டின் முனையைத் தட்டையாக்கினர். தட்டைமுனைக் குண்டு காற்றை எதிர்த்து விரைவிழக்கும். எனவே 150 கெஜத்துக்கு உட்பட்ட வேட்டைக்கே இது சிறந்தது. வில்லைப் போலவே இதுவும் அண்மையின் கருவி.

உப்பும் துருவும்

இத்தகைய துப்பாக்கியை உப்பளக் கரையில் வைத்துக் காப்பது எளிதன்று. கடற்காற்றின் உப்பு ஒருபுறம். பழங்காலக் கேப்புகளிலிருந்த பொட்டாசியம் குளோரேட், வெடித்தபின் பொட்டாசியம் குளோரைடு என்னும் உப்பாகக் குழலுக்குள் படிவது மறுபுறம். இவ்வுப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கும். எண்ணெயில் கரையாது, வெந்நீர் ஊற்றிக் கழுவி உலர்த்திய பின்னரே எண்ணெயிட வேண்டும். நெம்புகோல் ரைபிளில் சிற்றுறுப்புகள் பல. பின்புறமிருந்து குழலைத் துடைக்கவும் எளிதில் வழியில்லை. குழலை மடித்துத் திறக்கும் இரட்டைக்குழல் தோட்டாத் துப்பாக்கியோ ஒரு துணிக்கும் ஒரு கம்பிக்கும் பணிந்துவிடும். பறவைக்குச் சிறுரவை, பன்றிக்குப் பெருரவை என ஒரே துப்பாக்கி பலவற்றுக்கும் உதவியது. இந்நாட்டில் உரிமம் பெற்றோர் பெரிதும் அதையே நாடியதற்கு இவையும் காரணம் எனலாம்.

சட்டம் வகுத்த தொலைவு

துருவை விட வலிய தடை சட்டம். 1801இல் பாளையக்காரர் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின் தென்னாட்டில் ஆயுதங்களை ஒப்படைக்குமாறு ஆணை பிறந்தது. லிட்டன் பிரபு காலத்து 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும் என்றது. ஐரோப்பியருக்கு அன்று விலக்கு அளித்தது. படைவீரர் பயன்படுத்திய .303 விட்டமும் தனியாருக்கு மறுக்கப்பட்டது. ஆக, காட்டுக்கு அருகில் வாழ்ந்தோன் ஒரு வேட்டு நாட்டுத் துப்பாக்கியோடும் கண்ணியோடும் வலையோடும் நின்றான். காட்டுக்குத் தொலைவில் பங்களாவில் வாழ்ந்தோனே உயர்ந்த ரைபிளைத் தெரிவு செய்யும் நிலையில் இருந்தான். நாட்டுத் துப்பாக்கியேந்தித் திரிந்த நரிக்குறவரைப் பற்றிப் பேசுகையில் இவ்வேறுபாட்டை நாம் மறந்துவிடுகிறோம்.

உப்புக்கும் துப்பாக்கிக்கும் உள்ள உறவு ஓசை நயத்தோடு முடிவதன்று. 1930 சனவரியில் காந்தியடிகள் அரசின்முன் வைத்த பதினொரு கோரிக்கைகளுள் உப்பு வரியை நீக்குதல் ஒன்று; மக்கள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுத் தற்காப்புக்கான துப்பாக்கி உரிமம் வழங்குதல் மற்றொன்று. முன்னது தண்டி யாத்திரையாயிற்று. நம் கரையில் இராஜாஜி தலைமையில் வேதாரணிய யாத்திரையாயிற்று. பின்னதை நாடு மறந்தது. உப்பு வரி 1947இல் நீங்கியது. ஆயுத உரிமமோ 1959ஆம் ஆண்டின் புதிய சட்டத்திலும் நிலைத்தது. அது நன்றேயாயினும், இரண்டும் ஒரே பட்டியலில் இருந்தன என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

தமிழகத்தில் நெம்புகோல் ரைபிளைப் புகழ்பெறச் செய்தவர் பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974). ஜவளகிரி, சிவனிப்பள்ளி முதலிய அன்றைய சேலம் மாவட்ட வடகாடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடிச் சென்ற அவர், விலையுயர்ந்த ஆங்கில இரட்டைக்குழல் ரைபிள்களை நாடாமல், 1895 மாதிரி வின்செஸ்டரையே பெரிதும் நம்பினார். அதன் .405 அங்குலக் குண்டு 19 கிராமுக்கும் மேல் எடையுடையது. அது மானுக்கன்று, புலிக்கு. ஆயினும் முட்காட்டில் சில கெஜத் தொலைவில் பாயும் விலங்கின்முன் விரைந்த இரண்டாம் வேட்டின் மதிப்பை அவர் நூல்கள் உணர்த்துகின்றன.

அவ்விரண்டாம் வேட்டுக்கு மறுபக்கமும் உண்டு. தொடர்ந்து வெடிக்கும் துப்பாக்கியும், இறைச்சிக்கும் தோலுக்குமான சந்தையும், அழிந்துவந்த காடும் சேர்ந்து, 1900ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் வெண்வால் மான்களைச் சுமார் ஐந்து இலட்சமாக்கின என்பர். வேட்டைப் பொருள் வணிகத்தைக் கட்டுப்படுத்திய 1900ஆம் ஆண்டின் லேசி சட்டமும், பருவமும் எண்ணிக்கையும் வரையறுத்த வேட்டை விதிகளும் அவ்வினத்தை மீட்டன. நம் நாடு வேறு வழியை மேற்கொண்டது. வெளிமானும் புள்ளிமானும் உப்பளங்களை ஒட்டி வாழும் கோடியக்கரை 1967இல் சரணாலயமாயிற்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சிலவகை வேட்டைக்கு உரிமத்தை விட்டுவைத்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வாயிலையும் அடைத்தது. மானுக்கேற்ற ரைபிள் எது என்னும் வினா இங்கே அத்துடன் வரலாறாயிற்று.

நிறைவாக

மரக்காணத்தை அடுத்த கழுவேலி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. உப்புப் பாத்திகளுக்கு அப்பால் பூநாரைகள் அச்சமின்றி நிற்பதை இன்று காண்போர்க்கு வேட்டை வரலாறு வேண்டாத சுமையாகத் தோன்றலாம். ஆனால் நத்தத்தனார் காட்டிய எயிற்றி, வழிவந்த பாணனுக்குத் தன் அடுப்பிலிருந்து இறைச்சி எடுத்துக் கொடுத்தவள். அவளுக்கு வேட்டை என்பது உணவு, விருந்து, தன் நிலத்தின்மீதிருந்த உரிமை. அதே தொழிலைப் பிற்காலத்தார் பொழுதுபோக்காக்கினர். அதன் பயனாக விலங்குகள் அருகிய பின்னர், அனைவர்க்கும் பொதுவாக அது குற்றமாயிற்று.

சட்டம் சரியானதே, விலங்குகள் வாழ வேண்டும். ஆனால் காட்டை வெறுமையாக்கியவர் யார் என்ற கணக்கில், ஒரு வேட்டுத் துப்பாக்கியோடு நின்றவனையும் பதினைந்து தோட்டாக்களோடு வந்தவனையும் ஒரே வரியில் எழுதுவது நேர்மையாகாது. பழம்பாடலின் வேட்டுவரைப் போற்றி உரை செய்யும் நாம், அவ்வழியில் எஞ்சியோரைச் சந்தையிலும் சாலையோரத்திலும் காணும்போது முகம் திருப்பாதிருத்தல் வேண்டும். நம் வட்டத்தின் அடுத்த பத்தாண்டில் அவர்தம் நினைவிலுள்ள காட்டையும் கேட்டு எழுதிவைப்போமாக.